ஆற்று மணலில் கூடாரம் போடலாமா?

கேள்வி: பொங்கல் விடுமுறையில் இரண்டு குடும்பங்களாக, பெரியவர்கள் ஆறு பேரும் குழந்தைகள் மூன்று பேரும், ஒகேனக்கல்லுக்கு மேலே காவிரிக் கரையில் ஓர் இரவு தங்க ஆசைப்படுகிறோம். கூடாரம் வாங்கிவிட்டோம். ராசிமணல் பக்கம் மணல் திட்டு அழகாக இருக்கும் என்கிறார்கள். அங்கே தங்கலாமா? அனுமதி வாங்க வேண்டுமா? யானை, பாம்பு பயம் உண்டா? என் அம்மாவுக்கு 68 வயது, அவரையும் அழைத்துப் போகிறோம். (பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: ராசிமணல் வேண்டாம். ஒகேனக்கல்லுக்கு மேலே தமிழகப் பக்கத்துக் காவிரிக் கரை பெரும்பாலும் காப்புக்காடு. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் 504 சதுர கிலோமீட்டர் பரப்பு 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022 நவம்பரில் மேலும் 686 சதுர கிலோமீட்டர் காவிரி தெற்குச் சரணாலயம் ஆயிற்று. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். காட்டுக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவதும் குற்றம். பரிசல்காரரோ உள்ளூர் வழிகாட்டியோ "நான் பார்த்துக்கொள்கிறேன், வாருங்கள்" என்று சொன்னால் அது அனுமதி ஆகாது. மாவட்ட வன அலுவலரிடமிருந்து எழுத்தில் வந்தால்தான் அனுமதி. அதுவும் குடும்பமாக ஆற்றங்கரையில் இரவு தங்குவதற்குக் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கண்டிப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்தார்கள். மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் அதன் பிறகுதான் வந்தன.

சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும், அந்த மணல் திட்டில் உங்கள் பிள்ளைகளைப் படுக்க வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

மணல் திட்டு என்பது ஆறு படுக்கும் இடம். கோடையில் ஒதுங்கிக் கிடக்கிறது, அவ்வளவுதான். காவிரியில் நம் ஊர் வானத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. தருமபுரியில் நட்சத்திரம் மின்னிக்கொண்டிருக்கும். வயநாட்டிலும் குடகிலும் கொட்டிய மழை கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளை நிரப்பி, உபரி நீராகத் திறந்து விடப்பட்டு, எல்லையில் நீர் அளக்கும் நிலையம் உள்ள பிலிகுண்டுலு வழியாக நம்மிடம் வந்துகொண்டிருக்கும். அணை நீராவது வரப் போவதை முன்னதாகச் செய்தியில் சொல்லிவிடுவார்கள். அணைகளுக்குக் கீழே ஷிம்ஷா, அர்க்காவதி ஆறுகள் சேர்கின்றன. அந்தப் பக்கம் ஒரு மாலையில் பெய்யும் கனமழைக்கு அறிவிப்பு வரும் வரை காத்திருக்க முடியாது. 2018, 2022, 2024 ஆண்டுகளில் ஆடி, ஆவணி மாதங்களில் ஒகேனக்கல்லில் நீர்வரத்து வினாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. அந்த நாட்களில் ஐந்தருவி என்று தனியாக எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பாறை முழுவதும் ஒரே செந்நீர்.

சிற்றாறுகள் இன்னும் மோசம். பஞ்சப்பள்ளியிலிருந்து வரும் சின்னாறும், அஞ்செட்டிப் பக்கத்துத் தொட்டல்லாவும் ஆண்டில் பாதி நாள் வறண்டு கிடக்கும். வடகிழக்குப் பருவத்தில் மலையில் இரண்டு மணி நேரம் மழை பிடித்தால் போதும், இடுப்பளவு நீர் கல்லை உருட்டிக்கொண்டு வரும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதும், சாலையோரம் நின்ற வாகனங்களை வெள்ளம் இழுத்துப் போனதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

பல ஆண்டுகளுக்கு முன்பு கல்லூரி மாணவர்கள் சிலரோடு சின்னாற்றங்கரையில், பட்டா நிலம் ஒன்றின் விளிம்பில் தங்கியிருந்தேன். பையன்கள் ஆசைப்பட்டதால் மணலிலேயே கூடாரம் அடிக்க விட்டுவிட்டேன். பொழுது சாயும் நேரத்தில் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் நின்று பார்த்தார். ஒன்றும் பேசாமல் ஒரு குச்சியை ஒடித்து நீர் விளிம்பில் நட்டார். "இதுல தண்ணி ஏறுதான்னு பாத்துக்கிட்டே இரு சாமி. ஏறுச்சுன்னா துணிமணியெல்லாம் எடுக்காதே, புள்ளைங்கள மட்டும் எடு" என்றார். இரவு ஒன்பது மணிக்குக் குச்சியின் பாதி நனைந்திருந்தது. பத்து மணிக்குள் மேட்டுக்கு ஏறிவிட்டோம். விடியற்காலையில் பார்த்தபோது கூடாரம் இருந்த இடத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. இரவு முழுவதும் எங்கள் தலை மேல் ஒரு துளி மழை விழவில்லை. அன்று முதல் எந்தக் கரையில் தங்கினாலும் குச்சி நடாமல் நான் படுத்ததில்லை.

குச்சி கடைசிக் காவல். அதற்கு முன்பே கரையைப் பார்த்து, ஆறு எதுவரை ஏறும் என்பதைத் தெரிந்துகொள்ளலாம். பகல் வெளிச்சத்தில் போய், கரையோர நீர்மருத மரங்களை அண்ணாந்து பாருங்கள். கிளைக் கவட்டில் காய்ந்த சருகும் வைக்கோலும் பிளாஸ்டிக் பையும் கொத்தாகச் சிக்கியிருக்கும். காற்று கொண்டுவந்ததாக இருந்தால் அங்கங்கே சிதறிக் கிடக்கும். வெள்ளம் விட்டுப் போனதாக இருந்தால் எல்லா மரங்களிலும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில், நீரோட்டம் வரும் பக்கத்தில் அப்பிக்கொண்டிருக்கும். அடிமரத்தில் வண்டல் படிந்த சாம்பல் கோடு ஒன்றும் தெரியும். அந்தக் கோட்டுக்கு மேலே, ஓர் ஆள் உயரமாவது கூடுதலாக இருக்கும் மேட்டில்தான் உங்கள் கூடாரம் இருக்க வேண்டும். மேட்டிலிருந்து சாலைக்குப் போக ஆற்றையோ ஓடையையோ கடக்கத் தேவையில்லாத வழியும் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் வாய்க்கால் ஓடும் திட்டு எவ்வளவு உயரமாக இருந்தாலும் அது தீவுதான். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலோ, நுரையும் பச்சை இலைகளும் மிதந்து வந்தாலோ, ஓசை கனத்தாலோ, மேலே மழை என்று பொருள். உடனே கிளம்பிவிட வேண்டும்.

அதே கண்ணால் தரையையும் பாருங்கள். யானைகளுக்கு ஆற்றுக்கு இறங்கப் பழகிய வழிகள் உண்டு. கரை சரிந்து வழவழப்பாகத் தேய்ந்திருக்கும், பக்கத்து மரப்பட்டையில் சேறு பூசியிருக்கும், நாருடன் கூடிய சாணம் கிடக்கும். சமதளமாக, புல் மிதிபட்டு, கூடாரம் போடத் தோதாகத் தெரியும் இடம் பெரும்பாலும் அந்த வழியாகவே இருக்கும். உங்கள் நாள் தையில் வருகிறது. ராகி அறுவடையை ஒட்டி, ஐப்பசி முதலே யானைக் கூட்டங்கள் தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் நடமாடும் காலம் இது. பாலக்கோடு, பென்னாகரம் வட்டங்களும் அதற்கு விலக்கல்ல. வாழைப்பழம், பலா, வெல்லம், உப்பு, கரும்பு எதையும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். பொங்கலாயிற்றே என்று கரும்புக் கட்டோடு போய்விடாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். இரவில் யானை வந்தால் கத்துவதும், முகத்தில் டார்ச் அடிப்பதும், படம் எடுக்கப் போவதும் ஆபத்து. சத்தமில்லாமல் எல்லோரும் கான்கிரீட் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

அப்படிப் போவதற்கு ஒரு கட்டடம் இருக்க வேண்டும் அல்லவா? அதனால்தான் உங்களுக்கு நான் சொல்லும் யோசனை, ஊரை ஒட்டிய பட்டா நிலத்தில் நடத்தப்படும் முகாம். முன்பணம் கட்டும் முன் தொலைபேசியில் சில கேள்விகள் கேளுங்கள். நிலம் பட்டாவா, காட்டு எல்லை எவ்வளவு தூரம், இரவுக் காவலுக்கு உள்ளூர் ஆள் உண்டா, கழிப்பறையும் கான்கிரீட் அறையும் உண்டா, சுற்றுலாத் துறையில் பதிவு செய்திருக்கிறார்களா? வேலி சோலார் வேலியா என்பதையும் கட்டாயம் கேளுங்கள். சோலார் வேலி விட்டு விட்டு அதிர்ச்சி கொடுத்து விலங்கை விலக்கும். மின்கம்பத்திலிருந்து நேராக இழுத்த கம்பி யானையையும் கொல்லும், உங்கள் குழந்தையையும் கொல்லும், சட்டப்படியும் குற்றம். பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள். ஒன்றும் சரியாக அமையாவிட்டால் ஒகேனக்கல்லில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழக விடுதியில் அறை எடுத்து, பகலெல்லாம் ஆற்றோடு இருந்துவிட்டு வாருங்கள். அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். நடக்க ஆசைப்படும் இளைஞர்கள் உங்களில் இருந்தால், 2024இல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குத்திராயன் மலைப் பாதை இருக்கிறது. வனத்துறை வழிகாட்டியோடு முறையாகப் போய் வரலாம்.

மாதத்தைப் பொறுத்தவரை நல்ல தேர்வு. தையும் மாசியின் முதல் பாதியும்தான் இங்கே கூடாரத்துக்கு ஏற்ற நாட்கள். அதன் பிறகு காடு காய்ந்து தீப் பயம் வந்துவிடும். காணும் பொங்கல் அன்று மட்டும் ஒகேனக்கல்லில் கால் வைக்க இடம் இருக்காது. இரண்டு நாள் தள்ளிப் போங்கள். புறப்படும் அன்று காலை பிலிகுண்டுலு நீர்வரத்து எவ்வளவு, பரிசல் ஓடுகிறதா என்று செய்தியில் பார்த்துவிடுங்கள். பரிசலை நிறுத்தியிருந்தால் குளிக்கவும் இறங்கக் கூடாது.

பாம்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கூடாரத்தில் நான் அதிகம் அஞ்சுவது கட்டுவிரியனுக்கு. இரவில் நடமாடும், தரையில் தூங்குபவரைக் கடித்தால் பல நேரம் வலியே தெரியாது. விடியலில் வயிற்று வலி, இமை தூக்க முடியாமை, பேச்சுக் குழறல் என்றுதான் தெரிய வரும். அதற்குக் கூடாரமே நல்ல பாதுகாப்பு, ஜிப்பை முழுவதும் மூடி வைத்தால். காற்று வரட்டும் என்று அரை அடி திறந்து வைப்பதில்தான் தவறு நடக்கிறது. செருப்பு, ஷூ எல்லாம் உள்ளே இருக்கட்டும். இரவில் கழிப்பறைக்குப் போகும்போது டார்ச்சும் மூடிய காலணியும் கட்டாயம். கடிபட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை தேடுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108ஐ அழைத்து, பென்னாகரம் அரசு மருத்துவமனைக்கோ தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உடனே போக வேண்டும். பாம்பை அடித்துத் தூக்கிப் போகத் தேவையில்லை. நம் பகுதி முக்கிய நச்சுப் பாம்புகள் நான்குக்கும் ஒரே முறிமருந்துதான். முகாமில் செல்பேசி சிக்னல் எந்த இடத்தில் கிடைக்கிறது என்று போனவுடன் பார்த்து வையுங்கள்.

ஆற்றில் முதலையும் உண்டு. விடியலிலும் அந்தியிலும் நீர் விளிம்பில் குந்தி உட்கார்ந்து பாத்திரம் கழுவ வேண்டாம். குடிக்க ஆற்று நீர் வேண்டவே வேண்டாம். பெங்களூருவின் கழிவுநீர் விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்கு வந்து, சங்கமாவில் காவிரியோடு கலக்கிறது. நாம் அதற்குக் கீழே இருக்கிறோம். தலைக்கு நான்கு லிட்டர் கணக்கில் வீட்டிலிருந்தே கேன் எடுத்துப் போங்கள்.

சமையலைப் பெரிதாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஒகேனக்கல் கடைத்தெருவில் மீன் வாங்கிக் கொடுத்தால் அங்கேயே குழம்பும் வறுவலும் செய்து தரும் அம்மாக்கள் இருக்கிறார்கள். மதியம் அதைச் சாப்பிட்டுவிட்டு, இரவுக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போனால் ஏழு மணிக்குள் சாப்பாடு முடிந்துவிடும். குளிருக்கு நெருப்பு மூட்டத்தான் வேண்டும் என்றால் முகாம்காரர் காட்டும் இடத்தில், சுற்றிலும் சருகை வழித்துவிட்டு மூட்டுங்கள். அடுப்புக்கு ஆற்றுக்கல்லை வைக்காதீர்கள். உள்ளே ஈரம் ஊறிய கல் சூட்டில் வெடித்துச் சிதறும். குழந்தைகள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

உங்கள் அம்மாவுக்குக் கான்கிரீட் அறையில் கட்டிலே நல்லது. அந்தியில் ஆற்றங்கரையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். வழுக்குப் பாறையில் மட்டும் இறங்கவிடாதீர்கள். காலையில் பனி விலகும் நேரத்தில் நீர்நாய்க் கூட்டம் கரையேறுவதைப் பார்க்கும் வாய்ப்பும் உண்டு.

கூடாரம் வாங்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நேராக ஆற்றங்கரையில் போய்ப் பிரிக்க வேண்டாம். மார்கழியில் ஓர் இரவு உங்கள் வீட்டு மொட்டை மாடியில் போட்டு, பிள்ளைகளோடு அதில் தூங்கிப் பாருங்கள். எந்த ஜிப் சிக்குகிறது, பனி எங்கே உள்ளே சொட்டுகிறது, இருட்டில் டார்ச்சை யார் எங்கே வைக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.