சமையலறையில் ஒரு பட்டப்பெயர்

அன்புள்ள அக்கா,

கலிஃபோர்னியாவின் ஆக்ஸ்நார்டு ஊர் ஸ்ட்ராபெரி வயல்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் இதைக் கேட்கத் தோன்றியது. நான் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் சின்னதாக ஒரு தென்னிந்திய உணவகம் நடத்துகிறேன். சமையலறையில் ஏழு பேர், அதில் ஐந்து பேர் லத்தீனோக்கள், லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள். அவர்களில் மூத்தவர் மெக்சிகோவின் ஹலீஸ்கோ மாநிலத்துக்காரர். பதினொரு வருடமாக என்னோடு இருக்கிறார். தோசைக்கல்லில் அவர் கை நம் ஊர் மாஸ்டர்களுக்குக் குறைந்ததில்லை.

பாத்திரம் கழுவ ஒரு பையன் இருந்தான். அவனும் மெக்சிகோதான், பழங்குடி மக்கள் நிறைந்த வஹாகா மாநிலம், வயது இருபத்தைந்து இருக்கும். எல்லாரும் அவனை 'வஹாகீத்தோ' என்றுதான் கூப்பிடுவார்கள். செல்லப் பெயர் என்று நினைத்து நானும் அப்படியே கூப்பிட்டேன். போன மாதம் ஒரு மதியம் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போனவன் திரும்பவே இல்லை. அந்த வாரச் சம்பளத்தைக்கூட வாங்க வரவில்லை. விசாரித்தால், டிப்ஸில் அவன் பங்கைக் குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள். போனில் அம்மாவிடம் தன் மொழியில் பேசினால் கோழி மாதிரி கொக்கரித்துக் காட்டியிருக்கிறார்கள். மூத்தவரிடம் கேட்டேன். "நாங்கள் எல்லாரும் ஒரே ரத்தம், எங்களுக்குள் என்ன இனவெறி?" என்று சிரித்தார். வெள்ளைக்காரர்கள் தன்னை நடத்திய விதத்தைக் கண்கலங்கச் சொன்ன அதே மனிதர்! இது எப்படி அக்கா? நான் தலையிடலாமா? "அது அவர்கள் வீட்டு விவகாரம், விடுங்கள்" என்கிறாள் மனைவி.

உங்கள் வாசகன்,
லாஸ் ஏஞ்சலஸ்

அன்புள்ள தம்பி,

முதலில் அந்தச் சம்பளம். கலிஃபோர்னியாவில் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டாலும் 72 மணி நேரத்துக்குள் அவர் கணக்கை முடித்துக் கொடுக்க வேண்டும். விசா இருக்கிறதா, காகிதம் இருக்கிறதா என்பதெல்லாம் இதில் வராது. போன மாதம் என்கிறீர்கள். இந்தக் கடிதத்தை முழுதாகப் படித்து முடிப்பதற்கு முன்னாலேயே பணத்தை எண்ணி வையுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தில் ஹலீஸ்கோக்காரர் 'அவர்', வஹாகாக்காரர் 'அவன்'. இருவரில் ஒருவர் பெயரும் கடிதத்தில் இல்லை, அது சரிதான். ஆனால் பாத்திரம் கழுவியவரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். தெரிந்திருந்தால் அவரைப் பட்டப்பெயரால் கூப்பிட்டிருக்க மாட்டீர்கள்.

ஸ்பானிஷில் 'ஈத்தோ', 'ஈத்தா' என்ற ஒட்டு நாம் 'குட்டி' என்று சேர்ப்பது போல. அம்மா பிள்ளையைக் கொஞ்சும்போது வருகிற ஒட்டு அது. அதை ஊர்ப்பெயரோடு ஒட்டி 'வஹாகீத்தோ' என்றும், பழங்குடியைக் குறிக்கும் 'இந்தியோ' என்ற சொல்லோடு ஒட்டி 'இந்தீத்தோ' என்றும் சொன்னால் கேட்பவருக்குக் குட்டையன், கறுப்பன், நாகரிகம் தெரியாதவன் என்று எல்லாமே சேர்ந்து காதில் விழும். வசவைக் கொஞ்சலுக்குள் வைத்துச் சொல்வதால் வாங்கிக்கொண்டவர் முறைத்தால்கூட, "அட, அன்பாகத்தானே சொன்னேன்" என்று ஒதுங்கிவிடலாம். வேலையை விட்டுப் போவதைத் தவிர உங்கள் ஆள் வேறென்ன செய்திருக்க முடியும்?

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் மகளுக்குக் காய்ச்சல் என்று ஒரு மருத்துவமனையில் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஓர் இளம்பெண், முதுகில் சால்வையால் கட்டிய கைக்குழந்தை, பக்கத்தில் எட்டு வயதுச் சிறுமி. வரவேற்பு மேஜையில் இருந்தவரும் மெக்சிகோ வம்சாவளிதான். ஸ்பானிஷில் கேட்டார்: "குழந்தைக்கு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா?" அந்தப் பெண் "ஸீ" என்றார், ஆமாம் என்று. "எல்லா மருந்தும் ஒத்துக்கொள்ளுமா?" அதற்கும் "ஸீ". மேஜைக்காரர் அதே கேள்வியை இன்னும் சத்தமாகக் கேட்டார். பிறகு இன்னும் சத்தமாக. கடைசியில் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, "ஸ்பானிஷ்கூடத் தெரியாது, வெறும் தியாலெக்தோ" என்றார். அது அந்தச் சிறுமிக்குப் புரிந்துவிட்டது. அவள் குனிந்து தன் ஷூவின் வெல்க்ரோ பட்டையைப் பிய்த்தாள், ஒட்டினாள், பிய்த்தாள், ஒட்டினாள். அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல அவள் வாய் திறக்கவேயில்லை. அந்த மொழி தனக்குத் தெரியும் என்று அந்த இடத்தில் காட்டிக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

அந்தத் 'தியாலெக்தோ' என்ற சொல்லை நன்றாகப் பாருங்கள். ஸ்பானிஷ் மொழியாம், வஹாகாப் பழங்குடிகள் பேசும் மிஸ்டெக்கும் சபோடெக்கும் வெறும் வட்டார வழக்காம்! ஸ்பானிஷுக்கும் அவற்றுக்கும் குடும்ப உறவே கிடையாது. குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் பொருளே மாறிவிடுகிற தனி மொழிகள் அவை. ஸ்பானியர்கள் கப்பலேறுவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்பே சபோடெக் மக்கள் வஹாகாவின் பழைய நகரமான மோன்தே அல்பானில் கல்லில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். மிஸ்டெக் அரசர்களின் வம்சக் கதைகளை மான்தோலில் வரைந்த மடிப்பு ஏடு ஒன்று இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. மெக்சிகோவே 2003இல் சட்டம் போட்டு இந்த மொழிகளை ஸ்பானிஷைப் போலவே தேசிய மொழிகள் என்று ஏற்றுக்கொண்டது. அரசுக் கணக்கில் அப்படி 68 மொழிக் குழுக்கள். மொழிக்காக உயிரை விட்டவர்களின் ஊரிலிருந்து வந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

"ஒரே ரத்தம்" என்று உங்கள் மூத்தவர் சொன்னது பொய்யென்று நான் நினைக்கவில்லை. அதை அவர் நம்பித்தான் சொல்கிறார், பள்ளியில் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள். ஸ்பானிய ஆட்சியில் பிறப்பை வைத்து ஆட்களைத் தட்டுத் தட்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். அந்தப் பிரிவின் பெயர் 'காஸ்தா'. போர்த்துகீசியர் நம் ஊருக்கு வந்து நம் சாதியைப் பார்த்ததும் சொன்னது இதே சொல்லைத்தான். ஆங்கிலத்தின் 'காஸ்ட்' அதிலிருந்து வந்தது. 18ஆம் நூற்றாண்டு மெக்சிகோவில் இதை ஓவியமாகவே தீட்டி விற்றார்கள். பெரும்பாலும் பதினாறு படங்கள் கொண்ட ஒரு வரிசை. ஸ்பானிய அப்பாவுக்கும் பழங்குடி அம்மாவுக்கும் பிறந்தால் மெஸ்திசோ. கறுப்பினக் கலப்பு வந்தால் இன்னொரு பெயர். கீழே இறங்க இறங்க 'ஓநாய்', 'கொயோட்டே', 'நீ எனக்குப் புரியவில்லை' என்றெல்லாம் பிள்ளைகளுக்குப் பெயர். 1821 விடுதலைக்குப் பிறகு இந்தப் பிரிவுகள் சட்டத்திலிருந்து போயின. 1910இல் வெடித்த புரட்சிக்குப் பின் வந்தவர்கள், நாம் எல்லாரும் கலந்த மக்கள், மெஸ்திசோக்கள், அதுதான் நம் பெருமை என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கலப்பு ஒரு பக்கமாகவே நகர்ந்தது. பழங்குடிப் பிள்ளை ஸ்பானிஷ் பேசக் கற்க வேண்டும், தாய்மொழி பேசினால் வகுப்பில் அடி. மெஸ்திசோப் பிள்ளைக்கு யாரும் சபோடெக் சொல்லித்தரவில்லை. வீட்டில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது 'மெஹோரார் லா ராசா' என்பார்கள், இனத்தை உயர்த்து என்று. வெளுத்த மாப்பிள்ளையாகப் பார் என்பதுதான் அதற்கு அர்த்தம். சுருட்டை முடிக்கு 'கெட்ட முடி' என்று பெயர். கறுப்பின மெக்சிகர்களை முழுக் கணக்கெடுப்பில் தனியாக எண்ணியதே 2020இல்தான். எண்ணிப் பார்த்தால் 25 லட்சத்துக்கு மேல். அடிமை முறையை 1829இல் ஒழித்த அதிபர் விசென்தே கெரேரோவே ஆப்பிரிக்க வேர் கொண்டவர்!

ஆக, வெள்ளைக்காரனிடம் பட்டது போதாதென்று அமெரிக்காவில் வந்து பழகிய வியாதி இல்லை இது. பெட்டியோடு வந்தது. "எங்களுக்குள் என்ன இனவெறி" என்ற வாக்கியம் உங்களுக்குப் புதிதாகவா இருக்கிறது? 2023இல் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் எஸ்பி 403 மசோதா கலிஃபோர்னியாவில் வந்தபோது நம் ஆட்கள் பலர் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். சட்டமன்றம் நிறைவேற்றியது, இருக்கிற சட்டமே போதும் என்று ஆளுநர் கையெழுத்துப் போட மறுத்தார். அதனால் உங்கள் மூத்தவரை அரக்கனாக்கிவிடாதீர்கள். அவர் கலங்கிச் சொன்னதும் உண்மை, கொக்கரித்ததும் உண்மை.

இது சமையலறையோடு நிற்பதுமில்லை. லாஸ் ஏஞ்சலஸ் நகர சபையில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தொகுதி எல்லைகளை மாற்றி வரைவது பற்றி 2021 அக்டோபரில் மூன்று லத்தீனோ உறுப்பினர்களும் ஒரு தொழிற்சங்கத் தலைவரும் ரகசியமாகப் பேசியது ஒரு வருடம் கழித்து ஒலிப்பதிவாக வெளியே வந்தது. சபைத் தலைவர் நூரி மார்ட்டினெஸ் சக உறுப்பினர் ஒருவரின் கறுப்பினக் குழந்தையைக் குட்டிக் குரங்கு என்றார். அதற்கும் 'ஈத்தோ' ஒட்டுதான், 'சாங்கீத்தோ'. கொரியாடவுனில் வாழும் வஹாகா மக்களைக் குட்டையான கறுத்த ஆட்கள் என்றார், எந்தக் கிராமத்திலிருந்து வந்தார்களோ என்றார், அசிங்கம் என்றார். பதிவு வெளியான மறுநாள், 2022 அக்டோபர் 10 அன்று, தலைவர் பதவியை விட்டார். அன்றைக்கு அந்த நகரில் பழங்குடி மக்கள் தினம். இரண்டு நாளில் உறுப்பினர் பதவியும் போயிற்று. வஹாகா மக்கள் தங்கள் ஊர்த் திருவிழா பேண்ட் வாத்தியத்தோடு தெருவில் இறங்கினார்கள். அந்த உறுப்பினர்கள் லத்தீனோக்களின் குரலாக இருப்பார்கள் என்று நம்பி ஓட்டுப் போட்டவர்களில் அவர்களும் உண்டு.

பியூ ஆய்வு மையம் 2021இல் அமெரிக்க லத்தீனோக்களிடம் கேட்டபோது, தோல் கறுத்தவர்களில் பத்துக்கு நான்கு பேர் இன்னொரு லத்தீனோவே தங்களைப் பாகுபாட்டோடு நடத்தியதாகச் சொன்னார்கள். வெளுத்தவர்களில் அப்படிச் சொன்னவர்கள் நாலில் ஒரு பங்கு.

குறையுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதையும் சொல்ல வேண்டும். நான் கண்ட அளவில் அது குறைந்தது வசவு வாங்கியவர்கள் வாய் திறந்தபோதுதான். எங்கள் ஆக்ஸ்நார்டில் மிக்கோப் என்று ஓர் அமைப்பு. 2001இல் ஒரு செவிலியர், மிஸ்டெக் பேசும் தாய்மார்களுக்கு மருத்துவமனையில் எதுவுமே புரியவில்லை என்று பார்த்துத் தொடங்கியது. அதன் இளைஞர் குழுவுக்குப் பெயர் 'தெகியோ'. ஊர்ப் பொதுவேலைக்கு வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கூலியில்லாமல் உழைக்கிற வஹாகா வழக்கம் அது, நம் குடிமராமத்து மாதிரி. 2012இல் 'என்னை வஹாகீத்தா என்று கூப்பிடாதே' என்று ஓர் இயக்கம் நடத்தினார்கள். ஆக்ஸ்நார்டு பள்ளி மாவட்டம் அதைக் கேட்டு, 'வஹாகீத்தா', 'இந்தீத்தோ' இரண்டையும் பள்ளியில் சொல்லக் கூடாது என்று தீர்மானம் போட்டது. ஒரு சொல்லைத் தடுத்தால் மனசு மாறிவிடுமா என்று அப்போது நானும் கேட்டேன். மாறாதுதான். ஆனால் ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்தால், "விளையாட்டுக்குத்தானே" என்று ஆசிரியர் சொல்ல வழியில்லாமல் போனது. அப்புறம் வானொலி வந்தது, 94.1இல் மிஸ்டெக்கும் சபோடெக்கும் ஒலிக்கின்றன. உங்கள் நகரில் சியேலோ என்ற அமைப்பு பழங்குடி மொழிகளுக்கு மொழிபெயர்ப்பாளர்களைத் தயார் செய்கிறது. அது எவ்வளவு அவசரம் என்பதற்கு ஒன்று: 2010 செப்டம்பரில் உங்கள் நகரின் வெஸ்ட்லேக் பகுதியில் கையில் கத்தியோடு நின்ற குவாத்தமாலா தினக்கூலி ஒருவரைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். கத்தியைப் போடு என்று ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் சொன்னோம் என்றார்கள். அவர் தாய்மொழியோ கிச்சே என்ற மாயன் மொழி.

இனி உங்கள் சமையலறை. அது அவர்கள் வீட்டு விவகாரம் என்கிறாள் உங்கள் மனைவி, என் தங்கச்சி. ஆனால் அது அவர்கள் வீடு இல்லை, உங்கள் கடை. வம்சாவளி, நிறம், பூர்வீகத்தை வைத்துத் தொல்லை கொடுப்பதைக் கலிஃபோர்னியச் சட்டம் தடுக்கிறது. செய்தவரும் பட்டவரும் ஒரே சமூகம் என்பதால் அது விலகிப் போகாது. தெரிந்தும் முதலாளி சும்மா இருந்தால் பொறுப்பு அவர் தலையில்தான். மூத்தவரைத் தனியாகக் கூப்பிட்டு, எல்லார் முன்னும் வைத்து அவமானப்படுத்தாமல், இந்தச் சொற்கள் இனி இங்கே கூடாது என்று நேராகச் சொல்லுங்கள். டிப்ஸைப் பிரித்துக் கொடுப்பதை இனி நீங்களே பாருங்கள். குறைத்துக் கொடுத்ததைக் கணக்குப் போட்டுச் சம்பளத்தோடு சேருங்கள். இன்னொன்று: புதிதாக யார் வந்தாலும் அவருக்கும் உங்களுக்கும் நடுவில் மூத்தவர் ஒருவரே பேசிச் சொல்கிற ஏற்பாடு இருந்தால் அதை மாற்றுங்கள். அந்த மாதிரி ஏற்பாட்டில்தான் முதலாளிக்கு ஒன்றும் தெரியாமல் போகும். பாத்திரம் கழுவ வந்தவர் எத்தனை நாளில் தோசைக்கல்லுக்கு வரலாம் என்றும் யோசியுங்கள். வஹாகாக்காரர் என்றால் சிங்க்கோடு சரி என்று பல சமையலறைகளில் எழுதாத விதி இருக்கிறது.

பணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நீங்களே போங்கள், ஆள் அனுப்பாதீர்கள். மன்னிப்புக் கேளுங்கள், சுருக்கமாக. வேலைக்குத் திரும்பி வா என்று அவசரப்படுத்தாதீர்கள். வந்தால் நல்லது, வராவிட்டால் அவர் இஷ்டம். பெயரைக் கேளுங்கள். அவர் நிற்கச் சொன்னால் நின்று, எந்த ஊர் என்று கேளுங்கள். நம் ஊரில் இந்தக் கேள்வியை எதற்காகக் கேட்போம் என்று நம் இருவருக்கும் தெரியும், அந்தக் குரலில் வேண்டாம். வஹாகாவில் 570 நகராட்சிகள் இருக்கின்றன, மலைக்கு மலை பேச்சு மாறும். அவர் எதைச் சொன்னாலும் உங்களுக்குப் புதிய பெயராகத்தான் இருக்கும். இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டு, சரியாக உச்சரித்துப் பாருங்கள்.

அன்புடன்,
அக்கா