உருண்டைகள் ஒட்டின, வரிசை வரவில்லை

அன்புள்ள ஐயா,

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகத் தட்டில் தண்ணீர் ஊற்றி தெர்மாகோல் உருண்டைகளைத் தூவினோம். தாமாகவே நகர்ந்து ஒட்டிக்கொண்டன. ஆனால் நீங்கள் முன்பு எழுதியிருந்த, ஒன்றைச் சுற்றி ஆறு நிற்கும் அறுகோண வரிசை வரவில்லை. கிளை கிளையாக நின்றுவிட்டன, பாதி ஓரத்துக்குப் போய்விட்டன. எங்கே தவறு?

ஓர் ஆசிரியர், பாலக்கோடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒட்டியதே பாதி வெற்றி. நனைந்த உருண்டையைச் சுற்றித் தண்ணீர் சற்றே மேடாக ஏறி நிற்கும். தண்ணீரைவிட லேசாக இருந்து மிதப்பது மேட்டை நோக்கியே போகும். அருகருகே இருக்கும் இரண்டும் ஒன்றின் மேட்டில் மற்றொன்று ஏறப் பார்க்கும், அவ்வளவுதான் ஈர்ப்பு. தண்ணீரில் இந்த ஈர்ப்பு நன்றாக எட்டும் தூரம் சுமார் 2.7 மில்லிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் போனாலே இழுப்பு மிகவும் குறைந்துவிடும்.

தட்டின் ஓரத்திலும் தண்ணீர் மேலேறி நிற்கிறது, அதனால்தான் அங்கே ஓடின. விளிம்புக்குச் சற்று மேலே ததும்பி நிற்கும்படி ஊற்றுங்கள், நடுவுக்கு வரும்.

கிளை கிளையாக நிற்பதுதான் முக்கியமான விஷயம். முதலில் தொட்ட இடத்திலேயே உருண்டை சிக்கிக்கொள்கிறது. ஒழுங்கு வர ஈர்ப்பு மட்டும் போதாது, தவறான இடத்தை விட்டு விலகவும் முடியவேண்டும். படிகத்தில் வரிசையாக அடுங்கும் அணுக்களுக்கு அந்த வாய்ப்பை வெப்பம் தருகிறது. உங்கள் தட்டுக்கு விரலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருக்கவேண்டும், பலமாகத் தட்டினால் எல்லாம் கலையும். அளவும் ஒன்றாக இருக்கட்டும்: பெரிய கண் சல்லடையில் விழுந்து, சிறிய கண்ணில் தங்குவதை மட்டும் எடுங்கள். ஒரே அளவு வட்டங்கள் ஒன்றைச் சுற்றிச் சரியாக ஆறுதான் நிற்கும்.

தெர்மாகோலைவிட நல்ல வழி சோப்புக் குமிழி. உரசலே இல்லை, வழுக்கி இடம் மாறும். 1947-ல் இயற்பியலாளர்கள் லாரன்ஸ் பிராகும் ஜான் நையும் உலோகப் படிகத்துக்கு மாதிரியாக இதைத்தான் காட்டினார்கள். மீன் தொட்டி பம்புக் குழாயில் மெல்லிய ஊசி மாட்டி, நீர்மட்டத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே அசையாமல் கட்டுங்கள். ஆழம் மாறினால் குமிழி அளவும் மாறும். காற்றுக் குழாயைக் கிளிப்பால் நெரித்து வேகத்தைக் குறையுங்கள். நம் பக்கத்து போர் தண்ணீர் வேண்டாம், உப்பு அதிகம், சோப்பு திரிந்துவிடும். மழைநீரோ கேன் தண்ணீரோ எடுத்து, பாத்திரம் கழுவும் திரவம் கலக்குங்கள்.

தட்டு முழுவதும் ஒரே வரிசையாக வராது. வெவ்வேறு பக்கம் திரும்பிய திட்டுகளாக வரும், நடுவே கோணலான எல்லைக்கோடு ஓடும். இரும்பின் உள்ளே அணுக்களும் அப்படியே. சூடான கம்பியால் ஒரு குமிழியை மட்டும் உடைத்து, அந்த வெற்றிடம் என்ன ஆகிறது என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.