இடி, சாரல், எர்த் இல்லாத பிளக்: கம்ப்யூட்டர் கேள்வி பதில்

செங்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மெஷினைப் பாதுகாப்பது பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். இந்தப் பக்கம் சங்கரன்கோவில் வரைக்கும், அந்தப் பக்கம் புனலூர் வரைக்கும் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துவிட்டேன். வைரஸ், விண்டோஸ் கேள்வி எல்லாம் இன்னொரு நாள் பார்க்கலாம், இன்று பெட்டிக்குள் இருக்கும் சாமான்கள் மட்டும்.

புளியரையிலிருந்து ஒரு அக்கா, ஆன்லைன் சென்டர் நடத்துகிறார்: தம்பி, சிபியு பெட்டியைத் தொட்டால் சுரீர் என்று ஷாக் அடிக்கிறது. செருப்பு போட்டிருந்தால் அடிப்பதில்லை. உள்ளே கரண்டை மாற்றிக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மாற்றியாச்சு, அப்பவும் அதே கதைதான்.

அக்கா, புது எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கொடுத்த காசு வீண். உங்களுக்கு எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ் உள்ளே கரண்ட் நுழையும் இடத்திலேயே, பேஸிலிருந்து (கரண்ட் வரும் வயர்) பாடிக்கு, அதாவது வெளி இரும்புப் பெட்டிக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து பாடிக்கு ஒன்று என்று இரண்டு சின்ன கெபாசிட்டர் இருக்கும். இரைச்சலை வடிகட்டி எர்த்துக்குத் தள்ளுவதுதான் அதன் வேலை. எர்த் வயர் இருந்தால் அந்தக் கசிவு பேசாமல் மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் போக வழியில்லாமல் பாடியிலேயே நிற்கும், 230 வோல்ட்டில் சரிபாதி, ஏறத்தாழ 115 வோல்ட். ஓடும் கரண்ட் ரொம்பக் கம்மி என்பதால் ஆளைத் தூக்கிப் போடாது, சுரீர் என்பதோடு நின்றுவிடும். ஆனால் பிரிண்டர் கேபிளையோ பென்டிரைவையோ சொருகும்போது அதே வோல்ட் அந்த வழியாகப் பாய்ந்தால் போர்ட் காலி. யுஎஸ்பி போர்ட் அடிக்கடி போகிறது என்று என்னிடம் வருகிற சிஸ்டங்களில் முதலில் நான் கேட்பதே எர்த் பற்றித்தான். நாளைக்கு உள்ளே நிஜமாகவே பேஸ் வயர் உரசி பாடியைத் தொட்டால் ஃபியூஸ் போகவும் வழி இருக்காது, அப்போது சுரீரோடு நிற்காது.

மல்டிமீட்டர் வைத்திருக்கும் யாரையாவது கூப்பிட்டு பிளக் பாயின்டில் பார்க்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வந்தால், பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவேயும் கிட்டத்தட்ட அதுவே வரவேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. பழைய கட்டடங்களில் மூன்று ஓட்டை இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. அதைவிட மோசம், சில பேர் போர்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டுப் போயிருப்பார்கள். மீட்டரில் பார்த்தால் எல்லாம் சரி மாதிரி காட்டும். வெளியே நியூட்ரல் அறுந்த நாளில் உங்கள் சிபியு பாடியில் முழு 230 வந்து நிற்கும். அதனால் போர்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், மீட்டர் ரீடிங்கை மட்டும் நம்பாதீர்கள். எர்த் குழி இருந்தும் ரீடிங் சரியில்லை என்றால், நம் பக்கத்துப் பாறை மண்ணில் கோடையில் குழி காய்ந்து போயிருக்கும். கரியும் உப்பும் போட்ட குழியாக இருந்தால் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

ஆரியங்காவு, எஸ்டேட் குவார்ட்டர்ஸ்: அண்ணா, இடி வரும் என்று தெரிந்து பிளக்கைப் பிடுங்கித்தான் வைத்திருந்தேன். அப்படியும் மோடமும் கம்ப்யூட்டரில் லேன் போர்ட்டும் போய்விட்டது. எப்படி?

கரண்ட் பிளக்கைப் பிடுங்கினீர்கள், போன் லைனைப் பிடுங்கினீர்களா? மோடத்துக்கு வரும் செம்புக் கம்பி மலையில் கம்பம் கம்பமாக எவ்வளவு தூரம் வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். இடி அந்தக் கம்பியில் நேராக விழ வேண்டும் என்பதே இல்லை. பக்கத்தில் எங்கோ விழுந்தாலும் அவ்வளவு நீளக் கம்பியில் வோல்டேஜ் தூண்டப்பட்டு ஓடிவரும். மோடத்தைத் தாண்டி, லேன் கேபிள் வழியாக மதர்போர்டு வரைக்கும் வரும். டிவி கேபிள், மொட்டை மாடி கேமராவிலிருந்து வரும் வயர், இரண்டு கட்டடத்துக்கு நடுவே இழுத்த லேன் கேபிள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கண்ணாடி ஃபைபருக்கு மாறினால் இந்த வழி பெரும்பாலும் அடைபடும். கண்ணாடி இழையில் கரண்ட் பாயாது. ஆனால் சில ஃபைபர் கேபிளில் தாங்குவதற்காக இரும்புக் கம்பி ஒன்று கூடவே வரும், அதை வீட்டுக்கு வெளியிலேயே வெட்டிவிடச் சொல்லுங்கள். ஃபைபர் பெட்டியின் அடாப்டர் கரண்டில்தானே இருக்கிறது, அதையும் பிடுங்கித்தான் ஆகவேண்டும்.

ஸ்பைக் கார்டு வாங்கினால் போதுமா என்று இதே கேள்விக்குப் பின்னால் நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். சிவப்பு லைட் எரியும் எல்லாப் பலகையும் ஸ்பைக் கார்டு இல்லை, பாதிக்குப் பாதி வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். நிஜ ஸ்பைக் கார்டைத் திறந்தால் பேஸ், நியூட்ரல், எர்த் நடுவே நீலத்திலோ மஞ்சளிலோ வட்ட வட்டமாக வேரிஸ்டர் இருக்கும். வோல்டேஜ் எகிறும்போது அது வழிவிட்டு, எகிறியதைத் தன் மேல் வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தேயும். இடி வாங்கிய வீட்டிலிருந்து வந்த பலகையைக் கழற்றினால் அந்த வட்டம் இரண்டாகப் பிளந்து சுற்றிலும் கரி அப்பியிருக்கும், வெளியே லைட் மட்டும் ஜோராக எரிந்துகொண்டிருக்கும். அதனால் பெரிய இடிக்குப் பிறகு பலகையை மாற்றிவிடுவது நல்லது. எர்த்தே இல்லாத வீட்டில் எர்த்துக்குத் திருப்பிவிட வேண்டிய பாதி வேலையை அது செய்யவே முடியாது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் சரி.

மலைக்கு அந்தப் பக்கம் கோடை இடியும் ஐப்பசி மாதத் துலாவர்ஷ இடியும் பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். வானம் கறுக்கும்போதே எல்லா வயரையும் பிடுங்கிவிடுங்கள், யுபிஎஸ் உட்பட. சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. சுவிட்சுக்குள் இருக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர், இடிக்கு அது ஒரு தாண்டலே இல்லை. தலைக்கு மேல் இடிக்க ஆரம்பித்த பிறகு ஓடிப்போய் வயரைப் பிடிக்காதீர்கள். கம்ப்யூட்டர் போனால் போகட்டும்.

செங்கோட்டை, மர அறுவை மில் கணக்கர்: அண்ணாச்சி, ஆன் செய்து அரை மணி நேரம் ஆனால் சிஸ்டம் தானாக அணைந்துவிடுகிறது. ஃபார்மட் போட்டுப் பார்த்தாச்சு.

ஃபார்மட் போட்டதால் மரத்தூள் போகுமா அண்ணாச்சி? இது சூடு. பிராசசர் மேலே இருக்கும் ஃபேனைக் கழற்றி அதன் அடியில் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பாருங்கள். வீட்டில் வருவது உதிரித் தூசி, ஊதினால் பறக்கும். மில்லில் வருவது மரத்தூள், அதில் சாரல் ஈரமும் சேர்ந்தால் கம்பளித் துண்டு மாதிரி ஒரே படலமாகப் படிந்து நிற்கும், ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும், கீழே ஒரு மூச்சுக் காற்றுகூடப் போகாது. பிராசசர் 95, 100 டிகிரியைத் தொடும்போது முதலில் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும், அப்படியும் அடங்காவிட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும்.

பெட்டியை வெளியே முற்றத்துக்குக் கொண்டுபோய் புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், புளோயர் வேகத்தில் விர்ரென்று சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். வீட்டு வாக்குவம் கிளீனரை போர்டு மேல் வைத்து இழுக்காதீர்கள், அதன் பிளாஸ்டிக் வாயில் ஸ்டாட்டிக் சேரும். ஹீட் சிங்க் என்ற அந்த அலுமினியத் தகட்டைக் கழற்றிவிட்டால், அடியில் இருக்கும் சூடு கடத்தும் பழைய பேஸ்ட்டை முழுதாகத் துடைத்துப் புதுசு போடாமல் திரும்ப மாட்டக்கூடாது. பட்டாணி அளவு போதும், அமுக்கும்போது அதுவே பரவிக்கொள்ளும். பெட்டியின் முன்பக்கக் காற்றுவாயில் நைலான் வலை ஒன்றை ஒட்டி வாரம் ஒருமுறை தட்டிவிடுங்கள். பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள். கம்ப்யூட்டர் டேபிளில் கதவு போட்ட மர அறை இருக்குமே, அதற்குள் வைத்துப் பூட்டவே வேண்டாம்.

இன்னொன்று, ரம்பம் மோட்டார் ஓடும் லைனிலேயே சிஸ்டத்தையும் போட்டிருப்பீர்கள். மோட்டார் கிளம்பும்போதெல்லாம் ஆபீஸ் லைட் மங்குகிறதா என்று பாருங்கள். மங்கினால் ஆபீஸுக்குத் தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள்.

குற்றாலம், லாட்ஜ் ரிசப்ஷன்: சீசன் தொடங்கினால் காலையில் சிஸ்டம் ஆன் ஆவதே இல்லை. பீப் பீப் என்று கத்துகிறது. மூன்று நாலு தடவை போட்டால் வந்துவிடுகிறது.

சாரல் காற்று உங்களுக்கு வருமானம், ரேம் என்ற நினைவகப் பலகையின் காலுக்கு எமன், ஈரம் படிந்தால் தொடர்பு சரியாகக் கிடைக்காது. ரேமைக் கழற்றி, தங்கப் பூச்சுள்ள பல்வரிசையை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் துடைத்து, காயவிட்டு மாட்டுங்கள். ரப்பரால் தேய்க்கும் பழக்கம் எல்லாக் கடையிலும் உண்டு. லேசாகத் தேய்த்தால் ஒன்றும் ஆகாது, அழுத்தித் தேய்த்தால் பூச்சும் சேர்ந்து போய்விடும், அதனால் எனக்கு ஆல்கஹால்தான் பிடித்தம். சீசனில் சிஸ்டத்தை நாள்கணக்கில் அணைத்துப் போடாமல் தினமும் ஒரு மணி நேரமாவது ஓடவிடுங்கள், உள்ளே வரும் சூடே ஈரத்தை விரட்டும். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும், துணி போதும். ஏசி அறையில் ஜில்லென்று கிடந்த லேப்டாப்பை சாரல் அடிக்கும் வராந்தாவுக்கு எடுத்துப் போனால் கண்ணாடி டம்ளரில் வேர்ப்பது போல உள்ளேயும் வேர்க்கும். பையை விட்டு எடுக்காமல் அரை மணி நேரம் வைத்திருந்து, அப்புறம் ஆன் செய்யுங்கள்.

தென்காசி, கல்லூரி மாணவர்: லேப்டாப்பில் டீ கொட்டிவிட்டது அண்ணா. அரிசி மூட்டைக்குள் வைத்திருக்கிறேன். எத்தனை நாள் வைக்கணும்?

இப்போதே வெளியே எடுங்க தம்பி. அரிசி அந்த ஈரத்தை இழுக்காது, தவிடுதான் போர்ட்டுக்குள் போகும். தண்ணீரைவிட டீ மோசம், பாலும் சர்க்கரையும் காய்ந்து பிசினாகி, இரண்டு கால்களுக்கு நடுவே கரண்ட் போக வழி போட்டு, செம்பைப் பச்சையாக அரித்துவிடும். சார்ஜரைப் பிடுங்கு, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணை, கவிழ்த்து வை, ஆன் ஆகிறதா என்று சோதித்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு நேராக ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோ. உள்ளே பேட்டரி கனெக்டரைக் கழற்றி போர்டைக் கழுவினால் பிழைக்க வாய்ப்பு உண்டு.

கடையநல்லூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: மகன் வளைகுடாவில் இருக்கிறான். பேரப்பிள்ளைகள் படமெல்லாம் ஒரே வெளி ஹார்ட் டிஸ்கில். இப்போது டிக் டிக் என்று சத்தம். ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்கிறார்கள்.

ஐயா, முதலில் வயரைக் கழற்றுங்கள். அந்தச் சத்தம், தகட்டின் மேல் மிதக்கும் ஹெட் தடத்தைப் பிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முட்டுவது. ஓடவிட ஓடவிட தகடு கீறலாம், கீறிய இடத்தில் இருந்த படத்தை யாராலும் மீட்க முடியாது. ஃப்ரிட்ஜ் வேண்டவே வேண்டாம். வெளியே எடுத்ததும் நம் ஊர் ஈரக் காற்று தகட்டின் மேலேயே பனியாகப் படியும். சுத்த அறை வசதி உள்ள டேட்டா ரெக்கவரி இடத்தில் கொடுத்தால் கிடைக்கலாம், செலவு ஆகும், என் கடையில் அது முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். திருகு கழற்றிப் பார்க்கிறேன் என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

மற்றவர்களுக்கு: டிஸ்க் சாவதற்கு முன்னால் பல நேரம் சொல்லிவிட்டுத்தான் சாகும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ரீஅலொகேட்டட் செக்டர், கரன்ட் பெண்டிங் செக்டர் என்ற இரண்டு வரியைப் பாருங்கள், டிஸ்கில் கெட்டுப்போன, கெட்டுப்போகும் சந்தேகம் உள்ள இடங்களின் கணக்கு அது. பூஜ்யத்திலிருந்து ஏற ஆரம்பித்தால் அன்றைக்கே காப்பி எடுங்கள். ஒரே இடத்தில் இருப்பது பேக்கப் கிடையாது, இரண்டு டிஸ்கில் வைத்து ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள், ஒரே இடியில் இரண்டும் போகாமல் இருக்கும். எஸ்எஸ்டியில் (சுற்றும் தகடு இல்லாத டிஸ்க்) போட்டு பீரோவில் வருடக்கணக்கில் பூட்டி வைப்பதும் சரியில்லை, கரண்ட் இல்லாமல் கிடந்தால் அதில் தேங்கிய மின்னேற்றம் மெல்ல மெல்லக் கசியும்.

பண்பொழி, ஜெராக்ஸ் கடை: லேசர் பிரிண்டர் போட்டாலே யுபிஎஸ் கத்துகிறது.

600 விஏ யுபிஎஸ் என்றால் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். லேசர் பிரிண்டர் மையை உருக்கிச் சூடேற்றும்போது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே இழுக்கும். பிரிண்டரை நேராகச் சுவர் பிளக்கில் போடுங்கள்.

புனலூரிலிருந்து: தேதி தினமும் பழைய வருடத்துக்குப் போகிறது, வெப்சைட் எல்லாம் எரர் காட்டுகிறது.

மதர்போர்டில் தேதியைக் காத்துவைக்கும் காசு வடிவ சிஆர் 2032 பேட்டரி தீர்ந்திருக்கும். எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும்.

வடகரையிலிருந்து: சிபியுவுக்குள் பல்லி செத்துக் கிடந்தது, எஸ்எம்பிஎஸ் புகைந்துவிட்டது. என்ன மருந்து அடிக்கலாம்?

மருந்தெல்லாம் வேண்டாம், அந்த ஈரம்தான் இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸைக் கேட்கும். பெட்டிக்குப் பின்னால் கார்டு இல்லாத இடங்களில் தகட்டைக் கழற்றித் தூக்கிப் போட்டிருப்பார்கள், அதைத் தேடி மாட்டுங்கள், இல்லாவிட்டால் வலையை ஒட்டுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு சாப்பிடுவதை நிறுத்தினால் எறும்பு வராது, எறும்பு வராவிட்டால் பல்லிக்கும் அங்கே வேலை இல்லை.

சங்கரன்கோவில், ஐடி வேலை, வீட்டிலிருந்து: லேப்டாப் எப்போதும் சார்ஜரிலேயே இருக்கிறது. இப்போது டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, கிளிக் ஆகவில்லை. டச்பேட் மாற்ற எவ்வளவு ஆகும்?

டச்பேடில் கோளாறு இல்லை சார், அடியில் பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜரைப் பிடுங்கி அணைத்துவிடுங்கள், மேலிருந்து அழுத்தி உட்காரவைக்கப் பார்க்காதீர்கள், குத்தினாலோ மடங்கினாலோ தீப்பிடிக்கும். மெத்தை மேலே வைக்காமல் சிமென்ட் தரையில் வைத்திருந்து, சீக்கிரம் கழற்றிவிடச் சொல்லுங்கள். புது பேட்டரி போட்ட பிறகு பயாஸிலோ (ஆன் ஆகும்போதே போகக்கூடிய செட்டிங் பக்கம்) அந்தக் கம்பெனியின் மென்பொருளிலோ 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பை வண்டியில் போடாமல் மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள், கடையிலேயே விட்டுவிட்டுப் போனாலும் சரி, நான் சேர்த்து அனுப்பிவிடுவேன்.