கடன் மறுத்தார்களா? காரணத்தை எழுத்தில் கேளுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றித்தான். ஒழுங்காகச் சம்பாதித்து ஒழுங்காகக் கட்டி வருகிறவர்களுக்கும் வங்கியில் கடன் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். அதனால் வேறு கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: விருதுநகரில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறேன். வயது 52. இதுவரை யாரிடமும் ஒரு ரூபாய் கடன் வாங்கியதில்லை. வருமான வரிக் கணக்கு தவறாமல் தாக்கல் செய்கிறேன், போன வருடம் காட்டிய வருமானம் 4.8 லட்சம். பல வருடமாகக் கணக்கு வைத்திருக்கும் வங்கியிலேயே 18 லட்சம் டெபாசிட் இருக்கிறது. மாடியில் வீடு கட்ட 25 லட்சம் கேட்டால், "உங்களுக்கு சிபில் ஸ்கோரே வரலை சார், மைனஸ் ஒன்னு காட்டுது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கடன் வாங்காமல் வாழ்ந்தது குற்றமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: குற்றமே இல்லை ஐயா. உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் சிபில் ஸ்கோருக்கு அடிப்படையான கிரெடிட் ரிப்போர்ட்டில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்று தெரிந்துகொண்டால்தான் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க முடியும்.

கிரெடிட் ரிப்போர்ட் என்பது, சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் வைத்திருக்கும், நீங்கள் வாங்கிய கடன்களையும் கார்டுகளையும் எப்படித் திருப்பிக் கட்டினீர்கள் என்பதன் பதிவு மட்டும்தான். உங்கள் டெபாசிட் அதில் வராது. எல்ஐசி பிரீமியம், கரண்ட் பில், வீட்டு வரி, கடை வாடகை எதுவும் வராது. நம் ஊரில் எத்தனையோ பேர் மாதம் தவறாமல் சீட்டுக் கட்டுகிறார்கள், அதுவும் வராது. அடகுக் கடையில் நகையை வைத்து நாள் தவறாமல் மீட்டிருந்தாலும் அந்த நாணயம் எங்கேயும் பதிவாகாது, அதே நகையை வங்கியில் வைத்திருந்தால் பதிவாகியிருக்கும். அந்தப் பதிவை வைத்துப் போடும் எண்தான் ஸ்கோர், அது 300-லிருந்து 900 வரை போகும். கடன் எடுத்ததே இல்லையென்றால் அந்த எண்ணே பிறக்காது, அதைத்தான் மைனஸ் ஒன்று என்று காட்டுகிறார்கள். மோசமான ஸ்கோர் என்று அதற்கு அர்த்தம் இல்லை, உங்களைப் பற்றி அவர்களிடம் தகவல் இல்லை, அவ்வளவுதான். இதை மறுப்புக்குக் காரணமாகச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ரிசர்வ் வங்கிக்கும் படவில்லை. கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல் முறை விண்ணப்பிப்பவரை நிராகரிக்கக் கூடாது என்று 2025 ஜனவரி 6-ம் தேதியிட்ட அதன் வழிகாட்டுதல் வங்கிகளுக்குச் சொன்னது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிதி அமைச்சகமும் இதையே சொன்னது. கடனுக்கு இத்தனை ஸ்கோர் இருந்தே ஆக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எந்த எண்ணையும் நிர்ணயிக்கவும் இல்லை.

அதற்காக வங்கி கடன் கொடுத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் முடிவு. ஆனால் ஏன் மறுத்தார்கள் என்று சொல்லாமல் இருக்க முடியாது. எந்த வகைக் கடனானாலும், எவ்வளவு தொகையானாலும், கிரெடிட் கார்டு விண்ணப்பமே ஆனாலும், நிராகரித்ததற்கான முக்கியக் காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று 2007-லேயே வங்கிகளுக்கு உத்தரவு வந்துவிட்டது. நம் ஆட்கள் இதைக் கேட்பதே இல்லை. கவுண்டரில் வாய்வார்த்தையாகச் சொன்னதைக் கேட்டுக்கொண்டு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். நீங்கள் முதலில் செய்ய வேண்டியது இது: முறையான விண்ணப்பம் கொடுத்தீர்களா, இல்லை வாய்மொழியாகக் கேட்டதோடு சரியா என்று பாருங்கள். விண்ணப்பம் இல்லையென்றால் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள். மறுத்தால் கிளை மேலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, காரணத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள். அவர்கள் எடுத்துப் பார்த்த உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டின் நகலையும் கேட்கலாம். கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம் 2005-ன் 21-வது பிரிவு அந்த உரிமையைக் கொடுக்கிறது, அதற்கு ஒரு சிறு கட்டணம் வாங்குவார்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், உங்கள் விஷயத்தில் உண்மையான காரணம் வேறாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 லட்சம், 15 வருடம், 9 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை கிட்டத்தட்ட 25,350 ரூபாய். நீங்கள் வரிக் கணக்கில் காட்டிய 4.8 லட்சத்தை மாதத்துக்குப் பிரித்தால் 40,000. வருமானத்தில் 63 சதவீதம் தவணைக்கே போய்விடும். கடையில் தினமும் எவ்வளவு புரள்கிறது என்று உங்களுக்குத் தெரியும், மேலாளருக்கும் ஓரளவு தெரியும், ஆனால் அவர் ஃபைலில் வைக்க முடிந்தது அந்த 4.8 லட்சம் மட்டும்தான். இதே கணக்கில் 15 லட்சம் கேட்டிருந்தால் தவணை 15,200 சொச்சம், வருமானத்தில் 38 சதவீதம், பேச்சே வேறு மாதிரி இருந்திருக்கும். மீதிக்கு டெபாசிட்டில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். வருமானம் காட்டும் மகனோ மகளோ இருந்தால் துணை விண்ணப்பதாரராகச் சேர்க்கலாம், 52 வயதுக்கு அது கடன் காலத்தை நீட்டிக்கவும் உதவும்.

அவசரம் இல்லையென்றால் இன்னொரு வழி. உங்கள் டெபாசிட்டில் ஒரு சிறு பகுதியை ஈடாகக் காட்டி ஒரு கிரெடிட் கார்டு வாங்குங்கள், ஸ்கோர் இல்லாதவர்களுக்கும் அதைக் கொடுப்பார்கள். கடை வண்டிக்கு டீசல் போடுவதற்கு மட்டும் பயன்படுத்தி, பில் வந்ததும் முழுசாகக் கட்டிவிடுங்கள். ஆறு மாதம் போல ஆனால் ஸ்கோர் வந்துவிடும்.

கேள்வி: கோவையில் தனியார் நிறுவனத்தில் வேலை, கைக்கு 64,000 வருகிறது. வீட்டுக் கடன் தவணை 21,000, ஒரு நாள்கூடத் தாமதித்ததில்லை. ஸ்கோர் 780-க்கு மேல். தங்கை கல்யாணத்துக்கு 3 லட்சம் தனிநபர் கடன் கேட்டால் ஒரு வங்கி மறுத்தது. அப்புறம் மொபைல் ஆப் மூலம் நான்கைந்து இடத்தில் போட்டேன், எல்லோரும் மறுத்துவிட்டார்கள். கணவரின் கார் கடனில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஆனால் அந்த 14,500 தவணையை அவர்தான் கட்டுகிறார். எங்கே தப்பு?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தப்பு உங்கள் கடைசி வாக்கியத்துக்கு முந்தைய வாக்கியத்தில் ஒளிந்திருக்கிறது அம்மா. துணை விண்ணப்பதாரராகக் கையெழுத்துப் போட்ட அன்றே அந்த 14,500 உங்கள் ரிப்போர்ட்டிலும் முழுக் கடனாக ஏறிவிட்டது. யார் பணம் கட்டுகிறார்கள் என்று ரிப்போர்ட்டுக்குத் தெரியாது. 21,000, 14,500, கேட்ட கடனுக்கு ஒரு 7,000, ஆக 42,500. சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. எல்லாத் தவணையும் சேர்ந்து வருமானத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலும் வங்கிகள் பார்க்கும் அளவு, வங்கிக்கு வங்கி கொஞ்சம் மாறும். ஸ்கோர் 780 என்பது நீங்கள் இதுவரை ஒழுங்காகக் கட்டினீர்கள் என்று சொல்கிறது. இனிமேல் இவ்வளவும் கட்ட முடியுமா என்பதை அவர்கள் தனியாகக் கணக்குப் போடுகிறார்கள். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறவர்கள் நிறையப் பேர்.

கார் தவணை கணவரின் கணக்கிலிருந்துதான் போகிறது என்பதற்கு ஒரு வருட பாஸ்புக் விவரத்தை எடுத்து விண்ணப்பத்தோடு கொடுங்கள். அதைப் பார்த்து அந்தத் தொகையைக் கழித்துவிடும் வங்கிகள் உண்டு. கழித்தால் 28,000 தான், பாதிக்குக் கீழே வந்துவிடுகிறீர்கள்.

இரண்டாவது, அந்த ஆப் விவகாரம். நீங்கள் ஒவ்வொரு இடத்தில் விண்ணப்பிக்கும்போதும் அந்த நிறுவனம் உங்கள் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்கிறது, எந்தத் தேதியில் யார் எவ்வளவு தொகைக்காகப் பார்த்தார்கள் என்று கடைசிப் பக்கத்தில் வரிசையாகப் பதிவாகிறது. குறுகிய காலத்தில் ஐந்தாறு வரி தொடர்ந்து இருந்தால், பணமுடையில் இருக்கிற ஆள் என்று அடுத்து பார்க்கிறவர் முடிவு கட்டிவிடுகிறார், ஸ்கோரும் கொஞ்சம் இறங்கும். முதல் மறுப்பு வந்ததும் நிறுத்திவிட்டுக் காரணம் கேட்டிருக்க வேண்டும். இப்போது சில மாதம் எதற்கும் விண்ணப்பிக்காதீர்கள். உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது, அந்தப் பயம் வேண்டாம்.

கார்டு வைத்திருந்தால் இன்னொன்றும் பாருங்கள். ஒரு லட்சம் லிமிட்டில் 90,000 செலவு செய்துவிட்டுக் கெடுவுக்குள் முழுசாகக் கட்டினாலும், நீங்கள் கட்டுவதற்கு முன்னால் தகவல் அனுப்பும் தேதி வந்தால் 90,000 பாக்கி என்றுதான் பதிவாகும். செலவைக் குறையுங்கள், அல்லது பில் வருவதற்கு முன்னாலேயே பெரும்பகுதியைக் கட்டிவிடுங்கள்.

கேள்வி: ஓசூரில் தொழிற்சாலை வேலை, வயது 29. டூவீலர் கடன் கேட்டபோது "உங்க பேர்ல ஒரு கடன் வாராக்கடன்ல இருக்கு" என்றார்கள். ரிப்போர்ட் எடுத்தால் 48,000 ரூபாய் தனிநபர் கடன், நான் போகவே போகாத ஊர் முகவரி. கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயரைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை. புகார் சொன்னால் வண்டிக் கடைக்காரர் சிரிக்கிறார்.
– வாசகர், ஓசூர்

பதில்: அவர் சிரிக்கட்டும் தம்பி. இதை விடவே விடாதீர்கள்.

இரண்டு விதமாக இது நடந்திருக்கலாம். ஒன்று, பெயர்க் குழப்பம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆதாரில் எஸ் என்று ஒற்றை எழுத்து இருக்கும், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், வங்கியில் அதுவே முன்னும் பின்னும் மாறியிருக்கும். செந்தில்குமார் என்று ஊருக்கு ஊர் எத்தனை பேர்! கடன் கொடுத்தவர் பான் எண்ணைத் தப்பாக அடித்துவிட்டால் ஒருவர் கடன் இன்னொருவர் தலையில் ஏறிவிடும். இன்னொன்று, உங்கள் பான் நகலை வைத்து யாரோ மோசடியாகக் கடன் வாங்கியிருக்கலாம். எது என்று தெரிய, அந்த நிறுவனத்துக்கு எழுதி, கடன் விண்ணப்பம், அதிலுள்ள போட்டோ, கையெழுத்து, பணம் போன வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் கேளுங்கள். மோசடி என்று தெரிந்தால் உடனே சைபர் கிரைமில் புகார் கொடுங்கள், எண் 1930.

கூடவே ரிப்போர்ட் கொடுத்த நிறுவனத்தின் இணையதளத்தில் ஆட்சேபணை பதிவு செய்யுங்கள், கட்டணம் இல்லை. நாட்டில் இப்படிப்பட்ட கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். நான்கும் வருடத்துக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் எடுங்கள், ஒன்றில் திருத்தினால் மற்றதில் அப்படியே கிடக்கலாம்.

புகார் கொடுத்த தேதியைக் குறித்து வையுங்கள், ஏனென்றால் அதிலிருந்துதான் கெடு ஓடுகிறது. கடன் கொடுத்த நிறுவனம் திருத்திய தகவலை அனுப்ப 21 நாள், புகாரைத் தீர்க்க மொத்தத்தில் 30 நாள். அதற்குள் தீர்க்காவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும், யார் தாமதித்தார்களோ அவர்கள். 2024 ஏப்ரல் 26 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அதற்காகவே புகாரில் உங்கள் வங்கிக் கணக்கு விவரத்தையும் கொடுத்துவிடுங்கள். 30 நாள் தாண்டியும் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால், இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்களும் அவருடைய வரம்புக்குள் வந்துவிட்டன. இணையத்தில் கொடுக்கலாம், முடியாவிட்டால் சண்டிகர் செக்டர் 17-ல் உள்ள ரிசர்வ் வங்கிக்குத் தபாலில் அனுப்பலாம். செலவு இல்லை, வக்கீல் தேவையில்லை. சந்தேகம் கேட்க 14448.

இது எல்லாம் முடியும்வரை "சின்னத் தொகைதானே, கட்டித் தொலைத்துவிடுவோம்" என்று மட்டும் நினைக்காதீர்கள். வாங்காத கடனுக்கு ஒரு ரூபாய் கட்டினாலும் அது உங்கள் கடன்தான் என்று நீங்களே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும்.

கேள்வி: கொரோனா சமயத்தில் வேலை போனதால் கார்டு பாக்கியை வங்கியோடு பேசிக் குறைத்துக் கட்டி முடித்தேன். இப்போது நல்ல வேலை, எல்லாம் சரியாகக் கட்டுகிறேன். ஆனாலும் அந்தப் பழசைக் காட்டி மறுக்கிறார்கள்.
– பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: அந்தக் கணக்கு "செட்டில்டு" என்று பதிவாகியிருக்கும். வங்கி பாக்கியை விட்டுக்கொடுத்தது என்பதை அது சொல்வதால் அடுத்த வங்கி தயங்குகிறது. வேலை போன காலத்தில் நீங்கள் செய்ததில் தவறில்லை, அன்றைக்கு அதை உங்களுக்கு விளக்காமல் கையெழுத்து வாங்கியவர்கள் மேல்தான் எனக்கு வருத்தம். அந்த வங்கிக்கு எழுதி, விட்டுக்கொடுத்த தொகை எவ்வளவு என்று கேளுங்கள். கட்டக்கூடிய அளவென்றால், கட்டியபின் "குளோஸ்டு" என்று மாற்றித் தருவீர்களா என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொண்டு கட்டுங்கள். பாக்கி இல்லாச் சான்றிதழும் வாங்குங்கள்.

கேள்வி: 8,000 ரூபாய் கொடுத்தால் ஒரே மாதத்தில் ஸ்கோரை 800 ஆக்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?
– வாசகர், சேலம்

பதில்: வேண்டாம். உண்மையான பதிவை யாராலும் காசு வாங்கிக்கொண்டு அழிக்க முடியாது, தப்பான பதிவை நீங்களே இலவசமாகத் திருத்தலாம். இப்படிப்பட்டவர்கள் பான் எண், ஆதார் நகல், ஓடிபி மூன்றையும் கேட்பார்கள், ஓசூர் வாசகருக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேர அது போதும். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே நான்கு ரிப்போர்ட்டையும் எடுத்து, தெரியாத கடனோ, நீங்கள் விண்ணப்பிக்காத நிறுவனம் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்த பதிவோ இருக்கிறதா என்று பாருங்கள், அடுத்த மாதமும் ஒரு முறை பாருங்கள்.