வாசகர் கேள்வி, பல் மருத்துவர் பதில்: தாடை கோணினால் முதுகும் கோணுமா?

கேள்வி: கணக்காளராக வேலை பார்க்கிறேன், வயது 34. ஆறு மாதமாகக் கழுத்தும் தோளும் இறுகி வலிக்கின்றன. காலையில் தாடை அசந்துபோய் இருக்கிறது. வாயைத் திறந்தால் இடது காதருகே ‘டக்’ என்று சத்தம் வருகிறது. மேல், கீழ்ப் பற்கள் சரியாகச் சேராததால்தான் உடலின் நிமிர்வே கெட்டிருக்கிறது, சில பற்களை உரசிக் குறைத்துக் கம்பி கட்டினால் முதுகு நேராகிவிடும் என்று ஒருவர் சொல்கிறார். செய்துகொள்ளலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பற்களை உரசும் யோசனையை முதலில் தள்ளி வையுங்கள். தேய்த்து எடுத்த எனாமல் மறுபடி வளராது. வலிக்குக் காரணம் இன்னதென்று உறுதியாகாத நிலையில், திரும்பப் பெற முடியாத சிகிச்சையில் இறங்குவது சரியல்ல.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கடைவாய்ப் பற்களை மெல்லத் தட்டிப் பாருங்கள். பிறகு கணினித் திரையை நோக்கித் தலையை முன்னே நீட்டியும், கூரையைப் பார்ப்பதுபோல அண்ணாந்தும் அதேபோலத் தட்டுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பற்கள் முதலில் மோதுவதைப் பெரும்பாலும் உணர்வீர்கள். கீழ்த்தாடை, தசைகளாலும் தசைநார்களாலும் மண்டையோட்டிலிருந்து ஊஞ்சல்போலத் தொங்கும் எலும்பு என்பதால், தலை நகர்ந்தால் அதுவும் இடம் மாறுகிறது. சுமார் 5 கிலோ எடையுள்ள தலையைத் தோளுக்கு முன்னால் நீட்டியபடியே எட்டு மணி நேரம் இருந்தால், அதைத் தாங்கிப் பிடிக்கப் பிடரித் தசைகள் ஓயாமல் இறுகியிருக்க வேண்டியிருக்கிறது. மேலும், முகத்தின் உணர்வைக் கொண்டுசெல்லும் முப்பிரிவு நரம்பும் கழுத்தின் மேற்பகுதி நரம்புகளும் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. பிடரியில் கிளம்பிய வலி தாடையிலோ நெற்றிப்பொட்டிலோ தெரிவதற்கு இதுவே காரணம்.

ஆனால் பற்கள் கோணலாக இருப்பதால் முதுகெலும்பு வளைகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. தாடையின் மேல் எல்லாப் பழியையும் போடும் வழக்கம் புதியதுமல்ல. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் காது, மூக்கு, தொண்டை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் காஸ்டன், 1934இல், கடைவாய்ப் பற்களை இழந்தவர்களின் தாடை இடம்பெயர்ந்து நரம்புகளை அழுத்துவதால்தான் காதுவலியும் தலைசுற்றலும் வருகின்றன என்று எழுதினார். அவர் சொன்ன விளக்கம் உடற்கூற்றியலோடு பொருந்தவில்லை என்று பின்னர் தெரிந்தது. அதன்பின்னும் பல்லை உரசிக் காதைக் குணப்படுத்தும் ஆசை நெடுங்காலம் ஓயவில்லை.

உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது, உங்களுக்கே தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் பழக்கத்தை. விரல்களைக் கன்னத்தில் வைத்துப் பல்லைக் கடித்தால் ஒரு தசை புடைத்து எழும்பும். ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யும் நாளில் இடையிடையே அங்கே தொட்டுப் பாருங்கள். ஓய்வில் இருக்கும் வாயில் உதடுகள் மூடியிருக்கும். ஆனால் பற்கள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலகியே இருக்கும். மெல்லவும் விழுங்கவும் தவிர அவை ஒன்றையொன்று தொட வேண்டிய அவசியமே இல்லை.

ஆகவே மணிக்கொரு முறை பற்களை விலக்கித் தோளைத் தளர்த்துங்கள். கன்னத்தில் பத்து நிமிடம் வெந்நீர் ஒற்றடம் கொடுங்கள். சில வாரங்களுக்கு முறுக்கும் கரும்பும் சூயிங்கமும் வேண்டாம். மடிக்கணினியின் கீழ் நான்கு தடித்த புத்தகங்களை அடுக்கித் திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தித் தனி விசைப்பலகை வைத்துக்கொண்டால் கழுத்துக்கு உடனே தெரியும். தாடை மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புத் தட்டு சற்று நழுவித் திரும்ப இடத்துக்கு வரும்போது எழுவதே அந்த ‘டக்’ சத்தம். வலியில்லாமல் சத்தம் மட்டும் இருந்தால் சிகிச்சை தேவையில்லை. தாடை பூட்டிக்கொண்டாலோ, வாயில் நடு மூன்று விரல்களை நெடுக்காக வைக்க இடமில்லாமல் போனாலோ நேரில் காட்ட வேண்டும். (பாக்கு, குட்கா போடுபவர்களுக்கு வாய் திறப்பது குறைந்து காரம் பட்டால் எரிந்தால், அது மூட்டுக் கோளாறாக இல்லாமல், புற்றுநோய்க்கு வழிவிடக்கூடிய வேறொரு நோயாக இருக்கலாம்.)

கேள்வி: என் 7 வயது மகன் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறான். பூச்சி மருந்து கொடுத்தும் நிற்கவில்லை. தாடை கோணிவிடுமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: பூச்சி மருந்து கொடுத்ததில் தவறில்லை; ஆனால் பல் கடிப்பதற்குப் பூச்சிதான் காரணம் என்பது நிரூபிக்கப்படாத நம்பிக்கை. பெரும்பாலான குழந்தைகளிடம் இந்தப் பழக்கம் வளர வளரத் தானே மறைந்துவிடும். அவன் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறானா, குறட்டை விடுகிறானா என்று மட்டும் கவனியுங்கள். மூக்கின் பின்புறச் சதை வீங்கி மூச்சு அடைபட்டால், குழந்தை காற்றுக்காகத் தலையை முன்னே நீட்டி வாயால் மூச்சு விடும். ஆண்டுக்கணக்கில் அப்படியே நீடித்தால் மேல்தாடை குறுகி முகம் நீளமாக வளரக்கூடும். இங்கே நிமிர்வும் தாடையும் சேர்ந்தே கெடுகின்றன, மூலம் மூச்சில் இருக்கிறது. பல் மருத்துவருக்கு முன்பாகக் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. இரண்டு வாரமாகப் புதிதாக நெற்றிப்பொட்டில் தலைவலி. தோசையைக்கூட நான்கு வாய் மென்றதும் தாடை வலித்து நிறுத்திவிடுகிறார். சற்று ஓய்ந்தால் சரியாகிறது. பல்செட் மாற்றலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: பல்செட் இருக்கட்டும். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த இரண்டும் சேர்ந்து வந்தால், பொட்டில் ஓடும் ரத்தக்குழாய் அழற்சியால் சுருங்கியிருக்கலாம். நம் நாட்டில் அரிதுதான். ஆனால் விட்டுவிட்டால் திடீரென்று பார்வை போய்விடக்கூடும், போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. இன்றே ஒரு பொது மருத்துவரிடம் அழைத்துச் சென்று, மெல்லும்போது தாடை வலிப்பதை அவரிடம் தவறாமல் சொல்லுங்கள்; ரத்தப் பரிசோதனையில் அழற்சி தெரிந்தால் அவர் உடனே ஸ்டீராய்டு தொடங்குவார்.