குளிசை எடுத்தால் இசை போய்விடுமா? லிதியம் எடுக்கும் ஒரு கீபோட்காரனின் பதில்

கேள்வி இதுதான்: "சொந்தமாகப் பாட்டு செய்து இணையத்தில் போடுகிறேன். குடி அதிகம். இப்போது பைபோலார் (மனநிலை மிக உயர்ந்தும் மிகத் தாழ்ந்தும் போகிற நோய்) என்று சொல்லி, அதற்கு லிதியம் என்ற குளிசை தந்திருக்கிறார்கள். குளிசை எடுத்தால் இசை வராது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இந்த நிலையில் இசைத்துறையில் நிலைக்க முடியுமா?"

முடியும். நான் நிலைத்திருக்கிறேன். பெரிய ஆள் ஆகவில்லை, கொழும்பில் என் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் கோயில் திருவிழா, கல்யாணம், சொந்தப் பாட்டு என்று இந்தக் கையை வைத்துத்தான் சாப்பிடுகிறேன்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் வயது இருபத்தைந்துக்குள் இருக்கும் என்று நினைக்கிறேன். கேள்வியில் ஒரு வரி என்னைக் குத்தியது: நண்பர்கள் சொல்கிறார்கள் என்பது. எனக்கும் நண்பர்கள்தான் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூட ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வரவில்லை.

நான் மட்டக்களப்பு எழுவான்கரைக்காரன். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. என் முதல் ஓகன் 2004 டிசம்பர் 26 காலை கடலோடு போனது. அந்தத் துக்கத்தில்தான் குடிக்கத் தொடங்கினேன் என்று பல வருடம் சொல்லித் திரிந்தேன். அது உண்மை இல்லை. குடி எனக்கு மேடைக்குப் பின்னால்தான் தொடங்கியது. 2012-இல் ஒரு கல்யாண வீட்டில் இரவு முழுக்க வாசித்தால் 2,500 ரூபாய் தருவார்கள். காசு தருவதற்கு முன்பே கிளாஸ் வந்துவிடும். "தம்பி, களைச்சுப் போனீங்க, இதைக் குடியுங்க." வேண்டாம் என்றால் மரியாதை தெரியாதவன். அடுத்த கல்யாணத்துக்கு வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள். கால் போத்தல் அரைப் போத்தல் ஆனதை நான் கவனிக்கவே இல்லை. பின்னேரத்தில் தொடங்கியது காலையிலும் வந்தது.

எங்கள் பக்கத்தில் வைகாசி மாதம் கண்ணகி அம்மன் சடங்கு. கோயில் கதவு திறந்து, கடைசியில் குளிர்த்திப் பாட்டுப் பாடி முடியும் வரைக்கும் ஊரில் குடிக்காமல் நல்ல பழக்கமாக இருப்பார்கள். என் மாமா உடுக்கடித்துக் காவியம் பாடுகிறவர், நான் சின்ன வயதிலிருந்து அவருக்குப் பக்கத்தில் நின்று பாடுவேன். ஒரு வருடம் கதவு திறக்கிற அன்று காலையோடு குடியை முழுதாக நிறுத்தினேன். அம்மாளுக்கு முன்னால் வெறியோடு நிற்கக் கூடாது என்ற ஒரே எண்ணம்தான்.

அடுத்த நாள் விடியவே கை நடுங்கியது. பகலெல்லாம் வேர்வை. இரவு உடுக்கும் பறையும் உச்சத்துக்குப் போகிறது, பெண்கள் குரவை போடுகிறார்கள், நான் மணலில் விழுந்தேன். விழுந்தது எனக்கு நினைவில்லை, மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். உடம்பு விறைத்து வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது. "அம்மாள் வந்திட்டா" என்று யாரோ கத்த, மஞ்சள் தண்ணீர் தெளித்து, கையில் வேப்பிலையைத் திணித்திருக்கிறார்கள். என் பெரியம்மாவின் மகள், தாதியாக இருக்கிற அக்கா, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "இது அம்மாள் இல்ல, வலிப்பு. ஆளைச் சரிச்சுப் படுக்க வையுங்க" என்று கத்தியிருக்கிறா. ஓட்டோவில் ஏற்றும்போதும் என் விரல்களுக்குள் அந்த வேப்பிலை இருந்ததாம்.

அம்மாளைக் குறைத்துச் சொல்கிறேன் என்று யாரும் எழுத வேண்டாம். எனக்கு நம்பிக்கை உண்டு, இப்போதும் சடங்குக்கு நிற்கிறேன். நான் சொல்வது வேறு. தினமும் நிறையக் குடிக்கிற ஒருவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கு அடுத்த நாட்களில் புத்தி தடுமாறி இல்லாததெல்லாம் தெரியலாம், உயிரும் போகலாம். எனக்கு மூன்றாம் நாள் வார்டுச் சுவரில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டைகள் ஏறி இறங்கின. ஒரு கட்டை மட்டும் தவறான சுருதியில் திரும்பத் திரும்ப அடிக்கிறது என்று அம்மாவிடம் அழுதேன். டயசிபாமும் தயமின் ஊசியும் போட்டு என்னை மீட்டார்கள். ஆகவே தம்பி, குடியை நிறுத்துங்கள், ஆனால் வீட்டில் கதவைப் பூட்டிக்கொண்டு வைராக்கியத்தில் நிறுத்தாதீர்கள். ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

பைபோலார் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. கிளினிக்கில் என்னைவிட அம்மாவிடம்தான் அதிகம் கேட்டார்கள். அம்மா சொன்னது, "இவன் சில மாசம் நித்திரையே இல்லாம பாட்டுப் பாட்டா எழுதுவான், மறுகா ஆறு மாசம் எழும்ப மாட்டான்." அப்படி ஒரு முறை ஒன்பது இரவில் பதினான்கு பாட்டு செய்தேன். தெய்வமே வந்து தருகிறது என்று நினைத்தேன். நீங்களும் அந்த இரவுகளைத்தான் இழக்கப் பயப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன். சுகமான பிறகு அந்தப் பதினான்கையும் உட்கார்ந்து கேட்டேன். எல்லாம் போனில் ஒரே மூச்சில் பதிந்தவை. ஒரு பாட்டு நிமிடத்துக்கு 92 தட்டில் தொடங்கி 118-இல் முடிகிறது. எனக்குத் தெரியாமலே ஓடியிருக்கிறேன். நான்கு பாட்டில் ஒரே மெட்டு, சொல் மட்டும் வேறு. உருப்படியாக மிஞ்சியது மூன்று. அந்த மூன்றையும் லிதியம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் திருத்தி முடித்தேன்.

குடித்தால்தான் கலை வரும் என்பவர்கள் ஜோன் கோல்ட்ரேனின் வாழ்க்கையைப் பார்க்கட்டும். அந்த சாக்சபோன் மேதை ஹெரோயினையும் குடியையும் விட்டது 1957-இல். இன்று உலகம் கொண்டாடுகிற அவருடைய பெரிய வேலைகள் அதற்குப் பிறகு வந்தவை. ஆங்கிலப் பாடகி ஏமி வைன்ஹவுஸ் 2011-இல் மதுவின் நச்சால் இறந்தபோது வயது 27. அவரது குடியைப் புகழ்கிறவர்கள் அவர் பாடாமல் போன பாட்டுகளைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

உங்களைப் போலத் தனியாகப் பாட்டு செய்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது மனநோயோடு வாழ்ந்த அமெரிக்கப் பாடகர் டேனியல் ஜோன்ஸ்டனின் பெயரை. வீட்டிலேயே கசெட்டில் பதிந்து, அட்டைப்படத்தையும் தானே வரைந்து, டெக்சஸ் ஒஸ்டின் நகரத்தில் கண்டவர்களுக்கெல்லாம் கொடுத்தவர். 1990-இல், நோய் முற்றியிருந்த நேரம், தகப்பன் ஓட்டிய சின்ன விமானத்தின் சாவியைப் பிடுங்கி வெளியே எறிந்தார். தகப்பன் பழைய போர் விமானி, எப்படியோ மரங்களுக்கு மேல் இறக்கினார், இருவரும் பிழைத்தார்கள். அதற்குப் பிறகும் பெற்றோரின் பராமரிப்பில் இருந்துகொண்டு பல வருடம் பாடினார், மேடை ஏறினார். 2019-இல் 58 வயதில்தான் காலமானார். அந்தத் தாய் தகப்பனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என் அம்மாதான் நினைவுக்கு வருவா. "ஒள்ளுப்பம் சோறு தின்னு மனே, வெறும் வயித்துல குளிசை போடாத" என்று கதவடியில் கோப்பையோடு நிற்பா.

சரி, குளிசைக்கு வருகிறேன். உங்கள் நண்பர்கள் சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். லிதியம் சிலருக்குக் கையை மெல்ல நடுங்க வைக்கும். எனக்கு வந்தது. தேநீர்க் கோப்பையைத் தூக்கினால் மேலே வளையம் வளையமாக அலை. மெதுவான பாட்டில் வலது கையின் சுண்டுவிரல் ஒரு கட்டையை ஒரு தரம் அழுத்தினால் இரண்டு தரம் ஒலிக்கும். ஒரு கல்யாணத்தில் பாடகர் திரும்பிப் பார்த்தார். அன்றிரவே குளிசையை நிறுத்தினேன். ஒரு கிளாஸ் அடித்தால் நடுக்கம் நிற்கிறது என்று கண்டுபிடித்ததும் அப்போதுதான். நான்கு மாதத்தில் திரும்ப வார்டில் கிடந்தேன்.

இரண்டாம் முறைதான் டொக்டரிடம் சொன்னேன், "நான் ஓகன் வாசிக்கிறவன், கை நடுங்கினால் எனக்குத் தொழில் இல்லை." அவர் கோபப்படவில்லை. முதலே ஏன் சொல்லவில்லை என்றுதான் கேட்டார். இரவுக் குளிசை எடுத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் லிதியம் லீட்டருக்கு 1.1 மில்லிமோல் இருந்தது. எனக்கு 0.7 அளவே போதும் என்று குளிசையைக் குறைத்தார். தேநீரையும் குறைக்கச் சொன்னார். நடுக்கத்துக்கு புரோப்ரனோலோல் கொஞ்சம் தந்தார் (ஆஸ்துமா இருந்தால் அது ஆகாது, அதையும் சொல்லிவிடுங்கள்). பிறகு கேட்டார், கீபோட் தூக்கி நாரி நொந்தால் என்ன போடுகிறாய் என்று. டைக்ளோஃபெனாக் என்றேன். அது இரத்தத்தில் லிதியத்தை ஏற்றிவிடுமாம். வெயிலில் வேர்த்துத் தண்ணீர் குடிக்காமல் விட்டாலும் ஏறுமாம். இரண்டையும் வருடக்கணக்காகச் செய்துகொண்டிருந்தேன். இது எனக்குச் செய்தது. உங்கள் அளவு வேறாக இருக்கும், இதைப் பார்த்து நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

2022-இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது கிளினிக்கில் ஒரு தடவை குளிசை இல்லை என்றார்கள். ஓட்டோவுக்குப் பெற்றோலும் இல்லாத நாட்கள். தம்பியின் சைக்கிளில் மூன்று பாமசி ஏறி இறங்கி வாங்கினேன். அன்று முதல் இரண்டு கிழமைக் குளிசை எப்போதும் கையில் வைத்திருக்கிறேன்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மாமாவின் உடுக்கை வைத்து நான் செய்த ஒரு இசைத் துண்டைக் கல்யாண வீடியோக்காரர் ஒருவர் கேட்காமல் எடுத்தார். அவரிடமிருந்து வேறு யாரோ எடுத்துத் தன் பெயரில் பதிந்துவிட்டார். கடைசியில் என் சொந்தப் பாட்டின் மீதே உரிமை மீறல் என்று எனக்கு அறிவிப்பு வந்தது. மறுப்பு எழுதிவிட்டு ஒரு மாதம் காத்திருந்தேன். போத்தலுக்கு மிகக் கிட்டப் போனது அந்த மாதம்தான், நோயால் இல்லை. பாட்டை ஏற்றுவதற்கு முன் மூலப் பதிவுகளைத் திகதியோடு எடுத்து வையுங்கள்.

குடித்தவனுக்குப் புத்தி சொல்ல என்ன தகுதி என்று சிலர் கேட்கலாம். உங்களுக்கு மருந்து எழுதித் தர நான் வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். இரவில் தாங்க முடியாமல் போனால் 1926-க்கு அழையுங்கள். இலங்கை அரசாங்கத்தின் மனநல உதவி இலக்கம், தமிழிலும் கதைக்கலாம். நான் இரண்டு தடவை கதைத்திருக்கிறேன்.

நீங்கள் என்ன வாத்தியம் என்று எழுதவில்லை. பாடுகிறவர் என்றால் நடுக்கத்தைவிட வாய் காய்வதுதான் தொந்தரவாக இருக்கும். கிற்றார் என்றால் எந்தக் கை நடுங்குகிறது என்று கவனியுங்கள். எது என்று கீழே எழுதுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.