மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஜெராய் மலையையும் பக்கத்தில் ஓர் அருவியையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா? எந்த அருவிக்குப் போகலாம்?

தாராளமாக முடியும். ஆனால் காலையில் மலை, மதியத்துக்குள் அருவி என்ற வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். மதியத்துக்கு மேல் ஜெராயின் தலை பெரும்பாலும் மேகத்துக்குள் போய்விடும். சாயங்கால மழை பிடித்துக்கொண்டால் அருவிப் பக்கம் போவதே ஆபத்து.

உயரம் 1,217 மீட்டர்தான். கேமரன் மலைக்குப் போய் வந்தவர்கள் "இவ்வளவுதானா?" என்பார்கள். சுற்றிலும் தட்டையான வயல், மேற்கே கடல், நடுவில் இது மட்டும் தன்னந்தனியாக நிற்கிறது. அதுதான் இதன் விசேஷம். வங்கக் கடலைத் தாண்டி வந்த மாலுமிகளுக்கு இது தூரத்திலிருந்தே கரையைக் காட்டிக் கொடுத்த மலை. இதன் அடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கைத்தான் பழைய கடாரம் என்கிறார்கள். 1025-இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை வந்த அதே கடாரம்.

கதைகளுக்கும் பஞ்சமில்லை. ஜெராய் ஒரு காலத்தில் தீவாக இருந்தது, கடல் பின்வாங்கியதால் மலையானது என்கிறது கெடாவின் பழைய மலாய் வரலாற்றுக் கதை. மலையடி வயல்கள் கடலோர வண்டல் மண்ணில் இருப்பதைப் பார்த்தால் அது வெறும் கற்பனை என்று தள்ளிவிடத் தோன்றாது. கோரைப்பல் ராஜா கதை இன்னும் பிரபலம். சமையல்காரி கீரை நறுக்கும்போது விரலை வெட்டிக்கொள்ள, குழம்பில் விழுந்த ரத்தம் ராஜாவுக்கு ருசித்துவிட்டதாம். அப்புறம் தினமும் ரத்தம் கேட்டான், கோரைப்பல் முளைத்தது, ஜனங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் துரத்திவிட்டார்கள்.

மலையடிவார ஊரான குருண் பக்கமிருந்து கார் மேலே போகும். பாதை குறுகல், வளைவுகள் அதிகம். இறங்கும்போது கியரைக் குறைத்து வாருங்கள், பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம். மேலே குளிர்காற்று, கீழே வயல்கள், தெளிவான நாளில் கடல். ஒரு மணி நேரம் போதும்.

அருவிக்கு எல்லோரும் யான் ஊர்ப் பக்கத்துத் தித்தி ஹாயூனைச் சொல்வார்கள். நல்ல இடம்தான். நான் சொல்வது மெர்போக். அங்கே பூஜாங் அருங்காட்சியகத்தின் பின்னாலேயே பாறைகளில் இறங்கி வரும் ஓடை இருக்கிறது. குற்றாலம் மாதிரி தலையில் கொட்டாது. படிப்படியாக விழும், இடையிடையே உட்கார்ந்து குளிக்கலாம். ஆனால் ஓடைக்கரையிலேயே புக்கிட் பத்து பஹாட் என்ற பழங்காலக் கோயிலின் அடித்தளம் நிற்கிறதே, அது வேறெங்கே கிடைக்கும்? கருவறை, முன்னால் மண்டபம், தூண்களைத் தாங்கிய வட்டக் கற்கள். தூண்கள் மரமாக இருந்திருக்க வேண்டும், மிஞ்சவில்லை. 1930-களில் கண்டுபிடித்து, 1960-இல் சீரமைத்தார்கள்.

குளிப்பதற்கு முன்பே அருங்காட்சியகத்துக்குள் போய்விடுங்கள், ஈரத்துணியோடு நுழைந்தால் முறைப்பார்கள். அங்கே இந்தக் கோயிலின் அடியில் கிடைத்த கல்பெட்டியைத் தேடிப் பாருங்கள். நடுவில் ஒரு குழி, சுற்றி எட்டுக் குழிகள். கோயில் கட்டத் தொடங்கும்போது உலோகமும் மணியும் வைத்துப் புதைப்பது நம் ஊர்களிலும் உள்ள வழக்கம்தான். பெரிய பெரிய சிலைகளைவிட எனக்கு அந்தப் பெட்டிதான் பிடிக்கும்.

ஓடையில் ஒரு விஷயம் கவனம். இங்கே வானம் வெளுத்திருந்தாலும் மேலே மழை பெய்தால் திடீரென்று வெள்ளம் இறங்கும். ஊரில் கெப்பாலா ஆயேர் என்பார்கள். 2021 ஆகஸ்ட் 18 அன்று ஜெராயில் அப்படித்தான் பாறையும் மரமும் சேர்ந்து இறங்கி, யான், மெர்போக் பக்கம் உயிர்களே போயின. தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் அதிகமாக மிதந்து வந்தாலோ செருப்பைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள், உடனே மேடேறுங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் தஞ்சோங் டாவாய் என்ற மீனவ ஊருக்குப் போங்கள். அங்கிருந்து எதிர்க்கரையில் இருக்கும் பந்தாய் மெர்டேக்கா கடற்கரைக்குப் படகு உண்டு. மாலுமிகள் பார்த்த ஜெராய் எது என்பது நீர்மேல் இருந்து திரும்பிப் பார்த்தால்தான் புரியும். மேகம் மறைத்துவிட்டால் நெத்திலிக் கருவாடு வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புங்கள், அங்கே அது நன்றாக இருக்கும்.